சனிக்கிழமைப் பயிற்சியும் திங்கட்கிழமை வகுப்பும்

தருமபுரியிலோ திருவண்ணாமலையிலோ 1990களின் நடுவில் இடைநிலை ஆசிரியராகப் பணியில் சேர்ந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் உட்கார்ந்த பயிற்சிகளை வரிசையாகச் சொல்லச் சொன்னாலே தமிழ்நாட்டுத் தொடக்கக் கல்வியின் முப்பதாண்டு வரலாறு கைக்கு வந்துவிடும். முதலில் டி.பி.இ.பி. எனப்பட்ட மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டம். வட்டார வள மையம், குறுவள மையம் என்ற பெயர்களை அவர் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டிருப்பார். அடுத்து எஸ்.எஸ்.ஏ. எனப்பட்ட அனைவருக்கும் கல்வி இயக்கம்; ஆசிரியர் ஒருவருக்கு ஆண்டுக்கு 20 நாள் பணியிடைப் பயிற்சி என்று அது வரையறுத்தது. 2007-08இல் செயல்வழிக் கற்றல். 2010-11இல் சமச்சீர்க் கல்வி. 2012-13இல் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும். 2018இல் க்யூஆர் குறியீட்டோடு வந்த புதிய பாடநூல்கள். 2019இல் மத்திய அரசின் நிஷ்தா. 2022இல் எண்ணும் எழுத்தும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு கையேடு இருந்தது, ஒரு பயிற்சிக் கட்டகம் இருந்தது, அதை எடுத்துச் சொல்லக் கருத்தாளர்கள் இருந்தார்கள். அரசு பணம் ஒதுக்கவில்லை என்றோ ஆசிரியர்கள் வரவில்லை என்றோ குறை சொல்ல முடியாது. வந்தார்கள், கையெழுத்திட்டார்கள், குழுவாக அமர்ந்து சார்ட்டில் எழுதி ஒட்டினார்கள். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் என்ன மாறியது என்ற கேள்வியை மட்டும் நம் கல்வித்துறை போதுமான அக்கறையோடு கேட்டதில்லை. ஆசிரியர்களின் தொழில்முறைக் கற்றல் பற்றி உலகெங்கும் கடந்த இருபதாண்டுகளில் நடந்த நல்ல ஆய்வுகள் பலவும் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு போயிருக்கின்றன. அவை சொல்வதற்கும் நாம் செய்துவருவதற்கும் இடையிலான தூரம்தான் இந்தக் கட்டுரையின் பொருள்.

நம் பயிற்சி பெரும்பாலும் படிப்படியாக இறங்கி வருவது. மாநிலக் கருத்தாளர்கள் மாவட்டக் கருத்தாளர்களுக்குச் சொல்வார்கள். அவர்கள் ஒன்றிய அளவில் சொல்வார்கள். கடைசியில் அது குறுவள மையத்துக்கு வந்து சேரும். மேலே மூன்று நாள் நடந்தது கீழே ஒரு நாளாகச் சுருங்கும். பவர்பாயிண்ட் படங்கள் முழுசாக வந்துவிடும். அந்தப் படங்களைத் தயாரித்தவர்கள் மாதக்கணக்கில் பேசிய பேச்சும், போட்ட சண்டையும், கைவிட்ட யோசனைகளும் வராது. ஒரு முறையை ஏன் இப்படி வைத்தோம், வேறு மாதிரி வைத்தால் குழந்தை எங்கே தடுமாறும் என்ற அறிவு அந்தப் பேச்சில்தான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. குறுவள மையக் கூட்டம் வழக்கமாகச் சனிக்கிழமை நடக்கும். பள்ளி வேலைநாள் கெடக்கூடாது என்ற நல்ல எண்ணத்தில் செய்த ஏற்பாடு அது. ஆனால் அன்றைக்குப் பள்ளியில் குழந்தைகள் இல்லை. கற்பித்தலைப் பற்றிப் பேசும் நாளில் கற்பவர் ஒருவரும் அங்கே இல்லாமல் இருப்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். நான் அதைப் பெரிய விஷயமாகவே பார்க்கிறேன். ஏன் என்று சொல்ல ஒரு கழித்தல் கணக்கு போதும்.

மூன்றாம் வகுப்பு. கடன் வாங்கிக் கழித்தல். 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொல்கிறார் ஆசிரியர். விடை 25. இரண்டு பிள்ளைகள் 35 என்று எழுதியிருக்கிறார்கள். இரண்டு நோட்டிலும் ஆசிரியர் சிவப்பு மையால் பெருக்கல் குறி போடுகிறார். 'கவனமாகச் செய்' என்று எழுதுகிறார். இதில் அவர் மீது பிழை ஒன்றும் இல்லை, எல்லோரும் செய்வதுதான். ஆனால் அந்த இரண்டு பிள்ளைகளும் ஒரே தவறைச் செய்யவில்லை. முதல் பிள்ளை ஒன்றுகளில் 2ஐயும் 7ஐயும் பார்த்து, "ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்று போட்டிருக்கிறது. பெரிய எண்ணிலிருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்க வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததை அது உண்மையாகவே கடைப்பிடித்திருக்கிறது. இரண்டாவது பிள்ளை கடன் வாங்கியிருக்கிறது. 12இல் 7 போக 5 என்று சரியாகவே போட்டிருக்கிறது. பத்துகளில் 5ஐ 4ஆகக் குறைக்க மட்டும் மறந்துவிட்டது. முதல் பிள்ளைக்கு இடமதிப்பே இன்னும் பிடிபடவில்லை. குச்சிக்கட்டைக் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்த்தால் பத்துக் குச்சி என்பதிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாவது பிள்ளைக்கு அது தெரியும். எழுதும் முறையில் ஓர் அடி தவறுகிறது, அவ்வளவுதான். இரண்டு பேருக்கும் 'கவனமாகச் செய்' என்பது ஒரு பயனும் தராது.

இவர்களை எப்படிப் பிரித்தறிவது? எண்ணை ஒன்று மாற்றினால் போதும். 53இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் முதல் பிள்ளை 34 என்று எழுதும், இரண்டாவது 36 என்று எழுதும். 52ஐயும் 27ஐயும் எடுத்தபோது ஒன்றுகளின் வித்தியாசம் சரியாக 5ஆக இருந்ததால் இரண்டு தவறும் ஒரே விடைக்குள் ஒளிந்துகொண்டன. கணக்குப் பாடம் நடத்துபவருக்கு உயிர்நாடியான அறிவு இது. கணிதப் பட்டம் பெற்றவருக்கு இது தானாக வராது. கற்பித்தல் கோட்பாடுகளைப் படித்தவருக்கும் வராது. பாடப்பொருள் அறிவும் கற்பித்தல் அறிவும் கலந்து உருவாகும் இந்த மூன்றாவது வகை அறிவை அமெரிக்கக் கல்வியாளர் லீ ஷுல்மன் 1986இல் எழுதிய கட்டுரையில் பிரித்துக் காட்டினார். ஆசிரியத் தொழிலுக்கே உரிய அறிவு என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். இது பிள்ளையின் நோட்டைப் பார்த்து, பிள்ளையைப் பேசவைத்துக் கேட்கும்போதுதான் வரும். பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து, "அந்த ரெண்டு பேரையும் எப்படிப் போட்டாங்கன்னு கேட்டுப் பாருங்களேன்" என்று சொன்னால் சீக்கிரம் வரும். நோட்டுகள் பூட்டிய அலமாரியில் கிடக்கும் சனிக்கிழமையில் வருவது கடினம்.

இதை அனுபவ ஞானம் என்று ஒதுக்கிவிட வேண்டியதில்லை, அளந்து பார்த்திருக்கிறார்கள். சீனாவில் அரசு பெரும் செலவில் நடத்திய தேசிய ஆசிரியர் பயிற்சித் திட்டத்தை பிரஷாந்த் லோயல்காவும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தார்கள். ஒரு மாகாணத்தில் 600 கணித ஆசிரியர்கள், 33,492 மாணவர்கள். யாருக்குப் பயிற்சி என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்து ஓராண்டு கழித்துப் பார்த்தபோது மாணவர்களின் கணிதத் தேர்ச்சியில் ஒரு மாற்றமும் இல்லை. 2019இல் வெளியான இந்த ஆய்வு பயிற்சியின் உள்ளடக்கத்தைப் பற்றிச் சொல்வதும் முக்கியம்: அது பெரிதும் கோட்பாட்டுப் பேச்சாக இருந்தது, ஆசிரியர்கள் அதை வகுப்பில் எப்படிச் செய்வது என்று தெரியாமலே திரும்பினார்கள்.

தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு மாகாணத்தில் நடந்த சோதனை இன்னும் கூர்மையானது. செட்ஸ்வானா மொழி பேசும் குழந்தைகளுக்குத் தாய்மொழியில் வாசிக்கக் கற்றுத்தரும் திட்டம். 180 பள்ளிகளை மூன்றாகப் பிரித்தார்கள். 80 பள்ளிகள் வழக்கம்போல இயங்கின. 50 பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு இருமுறை இரண்டிரண்டு நாள் மையப் பயிற்சி. மற்ற 50 பள்ளிகளுக்கு வாசிப்புக் கற்பித்தலில் தேர்ந்த ஒருவர் மாதந்தோறும் வகுப்புக்கே வந்து உடனிருந்து உதவினார். இரண்டு பிரிவுக்கும் அதே பாடத்திட்டக் குறிப்பு, அதே வாசிப்புப் புத்தகங்கள். மாறியது, ஆசிரியருக்குத் துணை கிடைத்த விதம் ஒன்றுதான். இரண்டாண்டு முடிவில் மையப் பயிற்சி பெற்ற பள்ளிகளில் வாசிப்புத் திறன் 0.12 திட்ட விலக்கம் கூடியிருந்தது. உடனிருந்து உதவி பெற்ற பள்ளிகளில் 0.24. சரியாக இரண்டு மடங்கு. இந்த இரண்டாவது எண்ணை ஆய்வாளர்கள் ஓராண்டுக் கல்வியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்குச் சமம் என்று கணக்கிட்டார்கள். வகுப்புக்கே ஆள் அனுப்புவது கூடுதல் செலவுதான். செலவிட்ட பணத்துக்குக் கிடைத்த பலனும் அதில்தான் கூடுதல்.

எப்படி என்று அவர்கள் தேடிப் பார்த்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. இரண்டு பிரிவு ஆசிரியர்களும் குறிப்பைப் பின்பற்றினார்கள், இரண்டு பிரிவினரிடமும் புத்தகம் இருந்தது. எளிய பகுதிகளை எல்லோருமே செய்தார்கள். பிள்ளைகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து ஒவ்வொருவரையும் வாய்விட்டு வாசிக்கவைப்பதுதான் கஷ்டமான பகுதி. ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மீதிப் பிள்ளைகளை என்ன செய்வது என்ற பயம் எந்த ஆசிரியருக்கும் இருக்கும். உடன் ஒருவர் நின்ற வகுப்புகளில்தான் அது கூடுதலாக நடந்தது. முறை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதை முதல் முறை செய்து பார்க்கும்போது வகுப்பு கலைந்துபோகும், அந்த நேரத்தில் கைகொடுக்க ஆள் வேண்டும். ஆள் இருந்த இடத்தில் இரண்டாம் முறையும் செய்தார்கள்.

வகுப்புக்கு ஆள் அனுப்பும் செலவை இணையத்தில் மிச்சப்படுத்த முடியாதா என்று அடுத்து கேட்கத் தோன்றும். அதையும் அதே நாட்டில், இம்முறை முமலாங்கா மாகாணத்தில், ஆங்கிலப் பாடத்துக்குச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு நேரில் வந்து உதவுபவர்; இன்னொரு பிரிவுக்குக் கைக்கணினி கொடுத்துத் தொலைவிலிருந்து உதவுபவர். மூன்றாண்டு கழித்து, நேரில் உதவி பெற்ற வகுப்புகளின் பிள்ளைகள் பேச்சிலும் வாசிப்பிலும் முன்னேறியிருந்தார்கள். தொலைவிலிருந்து உதவி பெற்றவர்கள் பேச்சில் கொஞ்சம் முன்னேறினார்கள், வாசிப்பில் முன்னேற்றம் இல்லை. 2019 ஆகஸ்டில் ஏறத்தாழ 42 லட்சம் ஆசிரியர்களையும் தலைமையாசிரியர்களையும் இலக்காக வைத்துத் தொடங்கிய நிஷ்தா, கொரோனாவுக்குப் பின் 2020 அக்டோபரில் தீக்ஷா இணையத் தளத்துக்கு மாறியது. தேசியக் கல்விக் கொள்கை ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 50 மணி நேரத் தொழில் மேம்பாடு வேண்டும் என்கிறது. மணிக்கணக்கை நிறைவுசெய்ய இணையம் வசதியானது. காணொளியை ஓடவிட்டு வினாடி வினாவை முடித்தால் சான்றிதழ் வந்துவிடும். ஆசிரியர்கள் சோம்பேறிகள் என்பதால் இப்படி நடக்கவில்லை. 53ஐயும் 27ஐயும் எடுத்துக் கொடுக்கும் ஆள் திரைக்குள் இல்லை, அதனால் நடக்கிறது.

உடனிருந்து உதவுவது எங்கும் எப்போதும் வெல்லும் என்றும் சொல்லிவிடக் கூடாது. மேத்யூ கிராஃப்ட்டும் உடன் ஆய்வாளர்களும் இவ்வகை ஆய்வுகள் 60ஐத் தொகுத்து 2018இல் வெளியிட்டார்கள். சராசரிப் பலன் நன்றாகவே இருந்தது. ஆனால் திட்டம் பெரிதாகி 100 ஆசிரியர்களைத் தாண்டியதும் கற்பித்தலில் தெரிந்த முன்னேற்றம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மாணவர் தேர்ச்சியில் அதற்கும் கீழே போனது. நல்ல பயிற்றுநர்கள் நூறு பேர் கிடைப்பார்கள், பத்தாயிரம் பேர் கிடைப்பதில்லை என்பது ஒரு காரணமாக இருக்கலாம். நம் மாநிலத்தின் கதையை இந்த இடத்திலிருந்துதான் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டில் ஒரு முறை இது சரியாகத் தொடங்கியது. 2003இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார், 13 மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். அதற்கு முன்பே வேலூரில் ஆட்சியராக இருந்தபோது குழந்தைத் தொழிலாளர்களுக்கான சிறப்புப் பள்ளிகளில் இப்படிப்பட்ட முறைகளை முயன்றவர் அவர். மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் உள்ள ரிஷிவேலியில் பத்மநாப ராவும் ரமாவும் கிராமப் பள்ளிகளுக்காக உருவாக்கிய அட்டை முறைதான் மூலம். மாநகராட்சி ஆசிரியர்கள் அங்கே போய் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார்கள். திரும்பிவந்து, தமிழுக்கும் கணக்குக்கும் தாங்களே அட்டைகளை எழுதினார்கள்.

அட்டை எழுதும் வேலை சாதாரணமானது இல்லை. முதல் வகுப்புத் தமிழை எடுத்துக்கொண்டால், எந்த எழுத்தை முதலில் வைப்பது? அ, ஆ என்ற வரிசையிலா, எழுத வசதியான ட, ப, ம என்ற வரிசையிலா? ஒற்றைக்கொம்பை எப்போது கொண்டுவருவது? 'கெ' என்பதில் கொம்பு முன்னால் நிற்கிறது, ஒலி பின்னால் வருகிறது; இடமிருந்து வலமாகக் கண்ணை ஓட்டும் பிள்ளை அங்கே நின்றுவிடும். 'கொ' வந்தால் முன்னாலும் பின்னாலும் குறி. இதற்கெல்லாம் ஓர் ஏணிப்படி அமைத்து, ஒவ்வொரு படிக்கும் அறிமுக அட்டை, பயிற்சி அட்டை, மதிப்பீட்டு அட்டை என்று பிரித்து எழுதும்போது, எழுதுகிற ஆசிரியர் பாடத்திட்டத்தையே ஒருமுறை பிரித்துக் கோத்துவிடுகிறார். பாடத்திட்ட ஆதரவு என்று எதையாவது சொல்வதென்றால் இதைத்தான் சொல்வேன். பாய் விரித்துப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்ததும், சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைக்கு ஒரு கரும்பலகை கிடைத்ததும் வெளியிலிருந்து வந்தவர்கள் கண்ணில் பட்டன. ஆசிரியர்கள் கற்றுக்கொண்டது கண்ணில் படவில்லை.

13 பள்ளிகளிலிருந்து மாநகராட்சிப் பள்ளிகள் அனைத்துக்கும் அது பரவியது. 2007-08இல் மாநிலம் முழுவதும், 37,000க்கு மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. ஒன்றியந்தோறும் முன்மாதிரிப் பள்ளிகள் வைத்தது, அங்கே மற்ற ஆசிரியர்கள் போய்ப் பார்த்தது எல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் சென்னையில் ஆசிரியர்கள் எழுதிய அட்டைகள் மற்ற ஊர்களுக்கு அச்சடித்துக் கட்டாக வந்து சேர்ந்தன. எழுதியவர்களுக்கு ஒவ்வோர் அட்டையும் ஏன் அங்கே இருக்கிறது என்று தெரியும். வாங்கியவர்களுக்கு அட்டை எண் தெரியும். பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பதிவேட்டில் குறிப்பது வேலையாகிவிட்டது. வாத்தியார் பாடமே நடத்துவதில்லை என்று பெற்றோர் குறைப்பட்டார்கள். முறையை எடுத்துச் செல்வதிலேயே கவனம் போனது. முறையை உருவாக்கியவர்களுக்குக் கிடைத்த கல்வியை எடுத்துச் செல்லும் வழியை யாரும் யோசிக்கவில்லை.

வழி இல்லாமலும் இல்லை. ஒவ்வொரு வட்டார வள மையத்திலும் ஆசிரியர் பயிற்றுநர்கள் இருந்தார்கள்; இன்றும் இருக்கிறார்கள். பட்டதாரி ஆசிரியர் தகுதியோடு, பள்ளிகளுக்குப் போய் ஆசிரியருக்குத் துணைநிற்பதற்கென்றே நியமிக்கப்பட்டவர்கள். தென்னாப்பிரிக்காவில் ஆய்வுக்காகப் பணம் திரட்டி அமர்த்திய அதே ஆள், இங்கே அரசின் நிரந்தரப் பணியிடத்தில் சம்பளத்தோடு இருக்கிறார். இந்தியாவின் பல மாநிலங்களுக்கு வாய்க்காத வசதி இது. அந்தப் பணியிடத்தை நாம் என்ன செய்தோம்? பள்ளி செல்லாப் பிள்ளைகளின் கணக்கெடுப்பு, எமிஸ் எனும் கல்வித் தகவல் தளத்தின் பதிவுகளைச் சரிபார்த்தல், கட்டட வேலை விவரம், மேலிருந்து மாலைக்குள் கேட்கும் புள்ளிவிவரம், விழா ஏற்பாடு, பயிற்சிக்கு வருகைப்பதிவு என்று அடுக்கடுக்காக ஏற்றினோம். பள்ளிக்குப் போகிற நாளிலும் அவர் கையில் பார்வைப் படிவம் இருக்கும். படிவத்தில் கேள்விகள்: கற்றல் கற்பித்தல் உபகரணம் இருக்கிறதா, பாடக்குறிப்பு எழுதப்பட்டிருக்கிறதா, மாணவர் வருகை எத்தனை. பூர்த்தி செய்து கையெழுத்து வாங்கினால் பார்வை முடிந்தது. ஆசிரியர் கண்ணுக்கு அவர் அதிகாரியாகத் தெரிவார். வட்டாரக் கல்வி அலுவலருக்கு அவர் கூடுதல் எழுத்தராகத் தெரிவார். வகுப்பில் முக்கால் மணி நேரம் கடைசி வரிசையில் உட்கார்ந்து, பிறகு ஆசிரியரோடு கால் மணி நேரம் பேசுவதற்கான இடம் எந்தப் படிவத்திலும் இல்லை.

2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் ஒரு பெரிய பிழையைத் திருத்தியது என்பதைச் சொல்லியாக வேண்டும். கொரோனாவில் பள்ளிகள் மூடிக்கிடந்து திறந்தபோது, மூன்றாம் வகுப்புப் புத்தகத்தை ஒன்றாம் வகுப்பு நிலையில் நின்ற பிள்ளைக்கு நடத்துவதில் பொருளில்லை என்று அரசே ஒப்புக்கொண்டது. அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, ஒவ்வொரு நிலைக்கும் பயிற்சி நூல், ஆசிரியருக்கு நாள்வாரிக் கையேடு, பருவந்தோறும் பயிற்சி. ஈராசிரியர் பள்ளியில் ஒரே அறையில் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு தவிக்கும் ஆசிரியருக்கு, நாளைக்கு எந்தக் குழுவுக்கு என்ன கொடுப்பது என்று எழுதிக் கையில் தருவது பெரிய உதவி. அதை ஆசிரியரின் சுதந்திரத்தைப் பறிப்பதாகப் பார்ப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கென்யாவில் பென் பைப்பரும் உடன் ஆய்வாளர்களும் மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்தார்கள்: பயிற்சியும் பள்ளிப் பார்வையும் மட்டும், அதோடு பிள்ளைக்கொரு புத்தகம், இவற்றோடு ஆசிரியர் கையேடும். மூன்றும் சேர்ந்ததுதான் அதிகப் பலன் தந்தது, செலவுக்கும் அதுவே சிக்கனமாக இருந்தது. அதே சமயம் 13 நாடுகளின் கையேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஆசிரியர் பேசவேண்டிய ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதிவைத்த கையேடுகள், சுருக்கமாக எழுதியவற்றைவிடக் குறைந்த பலனே தந்தன. நல்ல ஆசிரியர்கள் கையேட்டை மாற்றித்தான் பயன்படுத்துகிறார்கள். எதை மாற்றலாம், எதை மாற்றினால் கட்டு அவிழ்ந்துபோகும் என்று தெரிந்துகொள்ள மறுபடியும் பேச ஓர் ஆள் வேண்டும். இங்கே அந்தப் பேச்சின் இடத்தைச் செயலியில் மதிப்பீடு பதிவேற்றும் வேலை பிடித்துக்கொண்டது. ஆசிரியர் சங்கங்கள் இதைப் பற்றி எழுப்பிய குரலை வேலைப்பளு முறையீடாக மட்டும் கேட்டுவிடக் கூடாது.

தலைமையாசிரியர்களின் நிலை இதைவிட மோசம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் 150ஐத் தாண்டினால்தான் ஐந்து ஆசிரியர்களுக்கு மேல் தனியாக ஒரு தலைமையாசிரியர் என்கிறது. நம் ஊர்ப்புறத் தொடக்கப் பள்ளிகளில் மிகப் பலவற்றில் இரண்டே ஆசிரியர்கள். அதில் ஒருவர் தலைமையாசிரியர். அவர் இரண்டு மூன்று வகுப்புகளை எடுக்க வேண்டும். காலை உணவு, சத்துணவு, எமிஸ், பள்ளி மேலாண்மைக் குழு, வங்கிக் கணக்கு, நலத்திட்டப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பு. அவருக்குத் 'தலைமைத்துவப் பயிற்சி' என்று ஒரு நாள் வைத்து, தொலைநோக்கு, குழுப்பணி என்றெல்லாம் பேசி, பள்ளி மேம்பாட்டுத் திட்டம் எழுதி அனுப்பச் சொல்கிறோம்.

மத்தியப் பிரதேசத்தில் இதைக் கார்த்திக் முரளிதரனும் அபிஜீத் சிங்கும் சோதித்தார்கள். குலுக்கலில் தேர்ந்த 1,774 பள்ளிகளில் விரிவான மதிப்பீடு, தரநிலை, பள்ளிக்கென்றே தயாரித்த மேம்பாட்டுத் திட்டம். எல்லாம் கச்சிதமாக நிறைவேறின. மதிப்பீடுகள் ஏறத்தாழ எல்லாப் பள்ளியிலும் முடிந்தன. தரநிலைகளும் உண்மையையே காட்டின. பள்ளி நடக்கும் விதத்திலோ பிள்ளைகளின் கற்றலிலோ ஒரு மாற்றமும் இல்லை. ஆவணங்கள் ஒழுங்காக வந்து சேர்ந்ததால் திட்டம் வெற்றி என்று கருதப்பட்டு, நாடு முழுவதும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளுக்கு விரிவாக்கப்பட்டது. நம் நிர்வாகத்தில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய ஆய்வு இது. மறுபக்கம், விவியன் ராபின்சனும் உடன் ஆய்வாளர்களும் 2008இல் தொகுத்த முடிவில், தலைமையாசிரியர் செய்யக்கூடிய பல காரியங்களில் மாணவர் கற்றலோடு மிக நெருக்கமாகப் பிணைந்திருந்தது ஒன்று: ஆசிரியர்கள் கற்கும்போது தானும் உடன் உட்கார்ந்து கற்பது. அதற்குத் தலைமையாசிரியருக்கு வேண்டியது சொற்பொழிவு அல்ல. வாரத்தில் இரண்டு பாடவேளை தன் வகுப்பை யாராவது பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும், கணக்குவழக்கைப் பார்க்க நாலைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து ஓர் எழுத்தரும் வேண்டும்.

குறுவள மையத்தையும் மீட்டெடுக்கலாம். ஜப்பானிய ஆரம்பப் பள்ளிகளில் ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை வாரக்கணக்கில் திட்டமிடுவார்கள். ஒருவர் அதைத் தன் வகுப்பில் நடத்துவார். மற்றவர்கள் சுற்றி நின்று பிள்ளைகளின் நோட்டைப் பார்த்துக் குறிப்பெடுப்பார்கள். பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். அன்றைக்கு மற்ற வகுப்புகளைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்த ஒரு வகுப்பை மட்டும் இருத்திக்கொள்வது அவர்கள் வழக்கம். சிறப்பு நிதியோ மேலிருந்து வரும் கட்டகமோ இல்லாமல் பல தலைமுறைகளாக நடந்துவரும் இதை 1999இல் ஸ்டிக்லரும் ஹீபர்ட்டும் எழுதிய புத்தகம் உலகுக்கு எடுத்துச் சொன்னது. நம் குறுவள மையத்தில் பத்துப் பதினைந்து பள்ளிகளின் ஆசிரியர்கள் ஏற்கெனவே கூடுகிறார்கள். கூட்டத்தைச் சனிக்கிழமையிலிருந்து ஒரு வேலைநாள் பிற்பகலுக்கு மாற்றி, மையப் பள்ளியின் மூன்றாம் வகுப்பை மட்டும் இருத்திக்கொண்டு, கடன் வாங்கிக் கழித்தலை ஒருவர் நடத்த மற்றவர்கள் பிள்ளைகளின் அருகில் உட்கார்ந்து பார்க்கலாம். யார் நடத்துவது என்பதில் தயக்கம் வரும். நடத்தியவரைக் குறை சொல்லும் கூட்டமாக அது மாறிவிடக் கூடாது. பேச்சு, நடத்தியவரைவிட்டு, பிள்ளைகள் எழுதியதைப் பற்றியதாக இருந்தால் அந்தச் சங்கடம் வெகுவாகக் குறையும்.

பயிற்றுநர்களுக்குத் திரும்புவோம், ஏனென்றால் மாற்றத்தை அங்கேதான் தொடங்க முடியும். கென்யாவில் பாடத்திட்ட ஆதரவு அலுவலர் என்றே ஒரு பதவி உண்டு. அங்கும் அவர்கள் அலுவலகத்தில்தான் இருந்தார்கள். 2015இல் துசோமே என்ற தொடக்க வாசிப்புத் திட்டம் தொடங்கியபோது, அவர்கள் கையில் ஒரு கைக்கணினியைக் கொடுத்து, வகுப்பில் உட்கார்ந்து பார்த்ததைப் பதிவு செய்தால்தான் பயணப்படி என்று வைத்தார்கள். பயணப்படி பள்ளிப் பார்வையோடு இணைந்ததும் பார்வை நடந்தது. இங்கேயும் ஆசிரியர் பயிற்றுநரிடம் ஒரே ஒரு கணக்கு கேட்டால் போதும்: இந்த மாதம் எத்தனை வகுப்புகளில் முழுப் பாடவேளை உட்கார்ந்தீர்கள், எந்த ஆசிரியரோடு எதைப் பற்றிப் பேசினீர்கள். மற்ற புள்ளிவிவர வேலைகளுக்கு அலுவலகத்தில் ஆள் போடுவதற்கு ஆகும் செலவு, ஆண்டுதோறும் சார்ட்டுக்கும் கட்டகம் அச்சடிக்கவும் ஆகும் செலவோடு வைத்துப் பார்க்க வேண்டியது.

ஒரு குறையை மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் பயிற்றுநர்களில் பலர் உயர்நிலை வகுப்புப் பாடங்களில் பட்டம் பெற்று நேரடியாக நியமனமானவர்கள். வேதியியலும் வரலாறும் நன்றாகத் தெரிந்தவர்கள், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு ஒற்றைக்கொம்பைச் சொல்லிக்கொடுத்துப் பழகியதில்லை. தொடக்கப் பள்ளி ஆசிரியருக்கு இது தெரியும். அதனால்தான் பயிற்றுநர் சொல்வதை மரியாதையோடு கேட்டுக்கொண்டு தன் வழியில் போகிறார். இதே சிக்கல் ஹரியானாவில் 2012-13இல் பிரதம் அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து நிலைவாரிக் கற்பித்தலைக் கொண்டுவந்தபோது எழுந்தது. அங்கே அவர்கள் கண்ட வழி நேரானது. வள மைய ஊழியர்கள் பயிற்சி கொடுக்கக் கிளம்புவதற்கு முன், தாங்களே ஒரு பள்ளிக்குப் போய்ப் பதினைந்து இருபது நாள் பிள்ளைகளுக்கு அந்த முறையில் கற்பித்தார்கள். எந்த விளையாட்டு எடுபடவில்லை, எந்தப் பிள்ளை எங்கே நின்றுவிட்டது என்பதெல்லாம் அவர்களுக்கே தெரிந்த பிறகுதான் ஆசிரியர்கள் முன் நின்றார்கள். அதற்கென்று பள்ளி நேரத்தில் ஒரு மணி ஒதுக்கி, அந்த ஊழியர்கள் தொடர்ந்து வந்து பார்த்த பள்ளிகளில் ஹிந்தி வாசிப்பு முன்னேறியது. முந்தைய முயற்சிகள் சில வேறு மாநிலங்களில் பயிற்சியோடு நின்றுபோய்ப் பலன் தராதிருந்தன. தமிழ்நாட்டில் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது இதைச் செய்யத் தனி நிதி வேண்டியதில்லை. ஒவ்வொரு பயிற்றுநரும் தன் ஒன்றியத்தில் ஓர் ஈராசிரியர் பள்ளியைத் தேர்ந்துகொண்டு, அந்த மாதம் முழுக்க ஒன்று முதல் மூன்று வரையான வகுப்புகளில் ஒரு குழுவைத் தானே நடத்தட்டும். அந்த மாதம் அவரிடம் வேறு எந்த விவரமும் கேட்காமல் இருக்க மாவட்ட அலுவலகத்தால் முடிய வேண்டும்.